கழுநீரில் மிதந்த சந்தேகம்

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் என்று பரவிய பேச்சு, நாம் கேட்டிருக்க வேண்டிய உண்மையான கேள்வியை எப்படி விழுங்கியது? செல்போன் வழியே வீட்டுக்குள் வரும் ‘அறிவியல்’ பற்றி ஒரு விசாரணை.

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அத்தை இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். ரேஷன் புழுங்கல் அரிசி. அலுமினியக் குண்டானில் தண்ணீரை ஊற்றி, கையை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். அரிசி அடியில் தங்கியது. பத்திருபது மணிகள் மட்டும் மேலே வந்து மிதந்தன. மற்ற அரிசியைவிடச் சற்று வெளுப்பு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. அத்தை அவற்றை உள்ளங்கையால் வழித்தெடுத்து வாழைமரத்தடியில் வீசினார்.

“இங்க பாரு தம்பி, மெதக்குது பாரு. இதுதான் பிளாஸ்டிக். குரூப்ல வீடியோ போட்டிருந்தாங்கல்ல, அதேதான். மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேன்.”

அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முறத்தில் புடைத்துப் பதரைத் தள்ளவும், கல் அரிக்கவும் பத்து வயதில் பழகிய கை. அரிசியை வாயில் போட்டுக் கடித்தே பழையதா புதியதா என்று சொல்லிவிடுவார். அவர் கண் பொய் சொல்லவில்லை. குண்டானில் மிதந்தது உண்மையிலேயே வேறு ஏதோ ஒன்றுதான். ஆனால், அது என்ன என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே பதில், யார் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று தெரியாத நாற்பது விநாடி வீடியோ.

அன்று அந்தக் கொல்லையில் தொடங்கிய பேச்சு என்னை வெகுதூரம் இழுத்துச் சென்றது. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

குண்டானில் மிதந்தது என்ன?

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. நெல்லில் விளைந்த அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து பிசைந்து, எந்திரத்தில் கொடுத்து மறுபடியும் அரிசி மணி வடிவிலேயே பிழிந்தெடுக்கிறார்கள். சேவை நாழியில் மாவைப் பிழிவது போன்ற வேலைதான். இழையாக வருவதை மணி மணியாக நறுக்குகிறது எந்திரம். இப்படிச் செய்த மணிகளை 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். மாவாகி மறுபடி மணியானதால் அதன் அடர்த்தி வேறு. அதனால்தான் அவற்றில் சில மிதக்கின்றன.

2021 சுதந்திர தின உரையில், அரசுத் திட்டங்களில் கொடுக்கும் அரிசி முழுவதும் 2024-க்குள் செறிவூட்டப்படும் என்று பிரதமர் அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2020-ல், திருச்சி மாவட்டத்தில் இது சோதனை முறையில் தொடங்கியிருந்தது. காரணம் ரத்தசோகை. 2019–21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பிள்ளை படிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறது, பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வீடியோவில் ஒருவர் சொன்னார், இப்போது நான் சொல்கிறேன். இரண்டுமே அவருக்கு வாய்வார்த்தைதானே! “சரி அத்தை, நாமளே பாத்துருவோம்” என்றேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் இரண்டு கிண்ணங்கள் வைத்தோம். ஒன்றில் மிதந்த மணிகள். இன்னொன்றில் கடையில் வாங்கிய பொன்னி அரிசி. பக்கத்தில் பால் பாக்கெட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு பிளாஸ்டிக். முதலில் நெருப்பு. பிளாஸ்டிக் துண்டை இடுக்கியால் பிடித்து விளக்குச் சுடரில் காட்டினோம். சுருண்டது, உருகியது, சொட்டியது, மூக்கைத் துளைக்கும் நெடி. மிதந்த மணியைக் காட்டினோம். உருகவில்லை, கருகியது. அடிப்பிடித்த சோற்றின் வாசனை. பொன்னியும் அதேபோலத்தான் கருகியது.

அடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து. மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அயோடின் பட்டால் நீலம் கலந்த கருப்பாக மாறும் என்பது பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்தது. மணியை நசுக்கி ஒரு சொட்டு விட்டோம். கண்ணெதிரே கறுத்தது. பொன்னியும் கறுத்தது. பிளாஸ்டிக் துண்டின் மேல் சொட்டு பழுப்பாகவே நின்றது.

கடைசியாக, வீடியோவில் காட்டிய அதே சோதனை. ரேஷன் அரிசிச் சோற்றைப் பிசைந்து, இறுக்கி உருட்டித் தரையில் போட்டோம். எகிறியது. “பாத்தியா!” என்றார் அத்தை. பொன்னிச் சோற்றையும் அதேபோல உருட்டச் சொன்னேன். அதுவும் எகிறியது. வெந்த மாவுச்சத்தை அழுத்தி உருட்டினால் எந்த அரிசியும் எகிறும். வீடியோ எடுத்தவர் ஓர் உருண்டையை மட்டும் போட்டுக் காட்டினார். பக்கத்தில் இன்னோர் உருண்டையைப் போட்டிருந்தால் வீடியோவே இல்லை.

இதுதான் சோதனையின் உயிர்நாடி. தெரியாததைத் தனியாகப் பார்க்கக் கூடாது. தெரிந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன நடக்கும், அரிசியாக இருந்தால் என்ன நடக்கும், இரண்டும் வேறு வேறா?’ என்று கேட்க வேண்டும். இரண்டிலும் ஒன்றே நடக்கும் என்றால் அது சோதனையே இல்லை, வெறும் காட்சி.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“சரி, பிளாஸ்டிக் இல்ல. மருந்துதான் கலந்திருக்காங்கன்னே வச்சுக்குவோம். அத ரேஷன் கடையில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அது சரி, இது எல்லாருக்கும் ஒத்துக்குமா?”

தொலைந்துபோன கேள்வி

நான் அசந்துபோனேன். இதுதான் முதல் நாளிலிருந்தே நாம் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா? தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவார்கள். அதனாலேயே அவர்கள் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். அதை வெளியேற்றத் தனியே மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அரிவாள்செல் சோகை என்று இன்னொரு பரம்பரை ரத்தநோய் இருக்கிறது. நம் நீலகிரியில் பழங்குடி மக்களிடையே அது உண்டு. இவர்கள் இரும்பு சேர்த்த உணவை மருத்துவர் சொல்படி உண்ண வேண்டும் அல்லது தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை, செறிவூட்டப்பட்ட உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சிட வேண்டும் என்று 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதியே சொன்னது. அரிசியில் சேர்க்கும் அளவு குறைவானது, அதனால் ஆபத்தில்லை என்று வல்லுநர் குழு சொன்ன பிறகு அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. நீக்கியது சரியா என்ற விவாதம் மருத்துவர்களுக்கிடையே நடந்தது. வெறும் அரிசியால் ரத்தசோகை தீருமா, கீரையும் பருப்பும் முட்டையும் தட்டுக்கு வர வேண்டாமா என்ற கேள்வியும் எழுந்தது.

அந்த எச்சரிக்கை இருந்த காலத்திலும் அது யார் கண்ணில் பட்டது? எச்சரிக்கை மூட்டையின் மேல். ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவர், தராசிலிருந்து நேராகத் தன் பைக்குள் கொட்டிக்கொண்டு வருகிறார். மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு எங்கே இருக்கிறது? சாப்பிடுகிறவருக்குச் சேர வேண்டிய செய்தி, சாக்கோடு நின்றுவிடுகிறது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஆள் இல்லாதபோது, அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு சமூகம் ஒன்றுசேர்ந்து கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கக்கூடிய கேள்விகள் இவை. கிராமசபையில் கேட்டிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டிருக்கலாம். ஆனால், நம் கோபம், பயம், நேரம் எல்லாவற்றையும் ‘பிளாஸ்டிக் அரிசி’ எடுத்துக்கொண்டது. அதிகாரிகளின் வேலையும் எளிதாகிவிட்டது. “இது பிளாஸ்டிக் இல்லை” என்று ஓர் அறிக்கை விட்டால் போதும், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பொய்யான சந்தேகத்தின் மிகப் பெரிய தீங்கு இதுதான். அது நம்மை ஏமாற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையான சந்தேகத்தை அது வீட்டைவிட்டு விரட்டிவிடுகிறது.

பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கி வருகிறோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. கவர்கள் போகவில்லை. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 17 பேரின் ரத்தத்தில் பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் சாப்பாட்டில் பிளாஸ்டிக் கலப்பது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம். அந்தக் கவலை அரிசி மணியின் மேல் செலவாகிவிட்டது. சாம்பார் கவரைப் பற்றிக் கேட்க மிச்சம் எதுவும் இல்லை.

ஊசியும் ஒரு கண் மருத்துவரும்

2017 பிப்ரவரி. தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஊசி. தொடங்குவதற்கு முன்பே செல்போன்களில் எச்சரிக்கை பறந்தது. ‘பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து’, ‘பின்னாளில் குழந்தை பிறக்காது’, ‘உடனே பகிருங்கள்’. ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்ட பெற்றோர் பலர். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் ஒரு தாய்க்கு உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்வி இருந்தது: ‘என் பிள்ளைக்கு ஏற்கெனவே இந்த ஊசி போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?’ நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் இருந்தது. தட்டம்மை ஒருவரிடமிருந்து சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றக்கூடியது. அதைத் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். யாருக்குப் போட்டது, யாருக்கு விட்டுப்போனது என்று ஒவ்வொருவராகத் தேடாமல் எல்லோருக்கும் ஒரு தவணை போட்டால்தான் இடைவெளி அடைபடும். கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய செவிலியர்கள், ‘ஊசியில் விஷம் இல்லை’ என்று மன்றாடுவதிலேயே தொண்டை வற்றிப்போனார்கள்.

ரூபெல்லாவின் கதையிலேயே சந்தேகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1941. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர். பிறந்த குழந்தைகள் கண்புரையோடு தொடர்ந்து வருவதைக் கவனித்தார். கண்புரை முதியவர்களுக்கு வருவது. இத்தனை பச்சைக் குழந்தைகளுக்கு ஏன்? அவருக்குச் சந்தேகம் வந்தது. தாய்மார்களிடம் கருவுற்றிருந்த காலத்தைப் பற்றிக் கேட்டார். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் அம்மை போல ஒன்று வந்து போனதாகச் சொன்னார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. மற்ற மருத்துவர்களையும் கேட்டார். 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். பெரும்பாலான தாய்மார்கள் சொன்னதும் அதுவே. பிறகுதான் எழுதினார். லேசான காய்ச்சல், சில நாள் தடிப்பு என்று உலகம் பெரிதாக எண்ணாத ரூபெல்லா, கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் தாக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

தாய்மார் சொன்னதை அவர் அலட்சியம் செய்யவில்லை. ஒருவர் சொன்னவுடன் ஊருக்கெல்லாம் அறிவித்துவிடவும் இல்லை. கேட்டார், எண்ணினார், ஒப்பிட்டார், பிறகு பேசினார்.

அறிவியலுக்குள்ளும் பொய் நுழைவதுண்டு. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ‘லான்செட்’ இதழில் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற 2010 வரை ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள். அது நீண்ட காலம்தான், வருந்த வேண்டியதுதான். ஆனாலும், தவறு என்று எழுதி ஒப்புக்கொண்டு திரும்பப் பெறுவதற்கு அங்கே ஒரு வழி இருந்தது. நம் குடும்பக் குரூப்பில் போன மாதம் வந்த தவறான செய்தியை யாராவது திரும்பப் பெற்றதுண்டா?

குருவி எங்கே போனது?

‘செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது.’ நம் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்லும் வாக்கியம். திரைப்படமே வந்துவிட்டது. ஆனால், பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் குறையத் தொடங்கியது 1970-களின் பிற்பகுதியில். அப்போது செல்போனே இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-ல் வெளியான அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரம் இல்லாத கிராமம் இன்று ஏது?

பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு. உத்தரத்தின் மேல் கூடு. சுவரில் மாட்டிய தாத்தா படத்துக்குப் பின்னால் வைக்கோல் துணுக்கு. வாசலில் நெல் காயும். கொல்லையில் குஞ்சுக்கு ஊட்டப் புழு கிடைக்கும். இன்றைய கான்கிரீட் பெட்டியில் குருவி எங்கே கூடு கட்டும்? சிமென்ட் பூசிய முற்றத்தில் புழுவுக்கு எங்கே போகும்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் பதில் நம் வீட்டிலேயே முடியும். மாடியில் ஒரு அட்டைப்பெட்டி கட்டலாம், தோட்டத்தில் பூச்சிமருந்தை நிறுத்தலாம். கோபுரத்தைக் குற்றம் சொன்னால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அந்தச் செய்தி நமக்குப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சாக்லேட்டின் விலை

இதுவரை சொன்னவற்றில் இழந்தது சத்து, நேரம், நம்பிக்கை. உயிரே போன கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் போகிறது. அத்திமூர் அருகே வழி கேட்க நிறுத்துகிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். நம்மில் யார்தான் கொடுத்ததில்லை? ஆனால், அதற்குச் சில வாரங்களாகவே அந்த வட்டாரத்துச் செல்போன்களில் ‘வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்ற செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்தது. துரத்தி அடித்தார்கள். அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அவர்கள் பேசியது தமிழ். தேடி வந்தது தங்கள் குலதெய்வத்தை.

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிற யாருக்கும் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த படம். முழுப் படத்தில், தூக்கிச் சென்றவர்களே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ‘பிள்ளைகளைக் கவனியுங்கள்’ என்ற பொருளில் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில விநாடிகளை யாரோ வெட்டியெறிந்தார்கள். எச்சரிக்கைப் படம் கொலைக்கருவியானது.

பிள்ளை காணாமல்போகும் பயம் பொய்யில்லை. நம் நாட்டில் பிள்ளைகள் காணாமல்போகிறார்கள். அதனால்தான் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நம் வீட்டில் எத்தனை பேருக்கு மனப்பாடம்? பிள்ளை காணவில்லை என்று போனால் நம் ஊர்க் காவல் நிலையத்தில் அன்றே பதிவு செய்கிறார்களா? அத்திமூரில் அன்று கையிலிருந்த செல்போனில் மூன்று இலக்கமோ நான்கு இலக்கமோ அழுத்தியிருந்தால் போலீஸ் வந்திருக்கும், ஒரு பாட்டி குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார்.

அந்த மரணங்களுக்குப் பிறகு 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கைகள் மாறி வந்த செய்தியை ஒருமுறைக்கு ஒரே ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்குத்தான் அனுப்பலாம் என்றது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தெரிகிறதே, அது இந்தப் பல கை மாறிய செய்திக்கான அடையாளம். ‘இதை எனக்கு அனுப்பியவர் எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை’ என்று அதற்கு அர்த்தம். அத்தைக்கு அந்த அம்புக்குறி எதற்கு என்றே தெரியாது. அவருக்கு அதை இத்தனை ஆண்டுகளில் நாம் யாரும் சொல்லவில்லை.

எந்திரம் இல்லை, நாம்தான்

2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள்.

ஏன்? பொய்யில் புதுமை இருக்கிறது. வியப்பும் அருவருப்பும் இருக்கிறது. இன்னொரு காரணத்தை நான் நம் வீடுகளில் பார்க்கிறேன். அத்தை அந்த வீடியோவை ஏன் தன் இரண்டு மகள்களுக்கும் அனுப்பினார்? அவர்கள் மேல் உள்ள பாசத்தால். ‘என் பிள்ளைகள் விஷத்தைத் தின்றுவிடக் கூடாதே’ என்ற தவிப்பால். ஃபார்வர்டு செய்யும் பலருக்கு அது ஒரு கடமை. அந்தப் பாசத்தைப் புரிந்துகொள்ளாமல் திருத்தப் போனால் காரியம் கெட்டுவிடும்.

எங்கள் குடும்பக் குரூப்பில் அதுதான் நடந்தது. அரிசி வீடியோ வந்தபோது, பொறியியல் படித்த தம்பி ஒருவன் கேலியாக நான்கு வரி எழுதி, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டான். வீடியோவைப் போட்ட பெரியப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் குரூப்பைவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அரிசியைப் பற்றி எதுவும் தெளியவில்லை. படித்தவர்கள் தன்னை மதிக்கவில்லை என்பது மட்டும் தெளிந்தது. நானும் அன்று எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். தெரிந்தவன் வாய்மூடி இருப்பதும் தவறுதான். அந்தத் தவறு என்னுடையது.

விவாதம் என்றாலே ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும் என்று பழகிவிட்டோம். எல்லோர் முன்னாலும் தோற்பதற்கு யாருக்கும் மனம் வராது. தனியாக ஒரு போன் செய்து, “பெரியப்பா, நானும் பாத்தேன், எனக்கும் சந்தேகமா இருந்துச்சு, வீட்ல வச்சுப் பாத்தோம்” என்று சொன்னால் கேட்பதற்கு அவருக்கு வழியிருக்கும்.

‘வாய்ப்பு உள்ளது’ என்ற சொல்

ஃபார்வர்டு செய்தியில் ஒருபோதும் வராத சொல் ஒன்று உண்டு: ‘வாய்ப்பு’. அதில் எல்லாமே உறுதி, எல்லாமே நூறு சதவீதம்.

மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் வானிலை அதிகாரி ரமணன் வந்து நின்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் லீவா என்று பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் ‘பெய்யும்’ என்று சொல்ல மாட்டார். ‘பெய்ய வாய்ப்பு உள்ளது’ என்பார். சிலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். அது குறையில்லை, நேர்மை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி எங்கே நகரும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. தெரிந்த அளவைத் தெரிந்த அளவுக்கே சொல்வதுதான் அறிவியலின் மொழி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே தத்தளித்தபோது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அதில் ‘வாய்ப்பு’ இல்லை, உறுதி மட்டும் இருந்தது. பண்ணையில் முதலைகள் பத்திரமாக இருந்தன.

இப்போது கேள்வி கேட்டால் நொடியில் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. அவை சரியானதையும் தவறானதையும் ஒரே சரளத்தோடு எழுதுகின்றன. எனவே இந்தப் பழக்கம் நமக்கு இனி இன்னும் அவசியம்: ஒரு செய்தி எவ்வளவு உறுதியாகப் பேசுகிறதோ, அவ்வளவுக்கு நின்று, ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பது.

சந்தேகப்படுவது நல்லது. அத்தை சந்தேகப்பட்டது நல்லதுதான். ஆனால், சந்தேகம் பாதியில் நிற்கக் கூடாத வேலை. ஊறப்போட்டுவிட்டு அரைக்காமல் விட்ட அரிசி மறுநாள் புளித்து நாறும். தொடங்கிய சந்தேகத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். முடிக்க முடியவில்லையா, நம்மோடு வைத்துக்கொள்ளலாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதால் யாரும் அடி வாங்கிச் சாகவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். அத்தை அதே கொல்லையில், அதே குண்டானில் அரிசி களைந்துகொண்டிருந்தார். மணிகள் மிதந்தன. கை தானாக வழித்தெடுக்கப் போனது. நின்றது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, மிதந்ததையும் அடியில் கிடந்ததையும் சேர்த்து ஒரு முறை கலக்கிவிட்டார். உள்ளே பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி புத்தகத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கு ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க தம்பி. எத்தன மாசமா இத எடுத்து வாழ மரத்துக்குப் போட்டிருக்கேன்!” என்றார் அத்தை. குண்டானை மூடி வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே கேட்டார்: “பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் குடு. நான் சொல்றேன்.”